எல்லையோரத்து இல்லங்களும் பண்டிகைக் கைவினையும்

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை. கடந்த போகி நாளன்று நம் குடியிருப்பில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்று மனத்தை விட்டு நீங்காமல் இருந்தது.

அன்று மாலை கூட்டத்தில் முதியவர் ஒருவர், தம் ஊரில் பொங்கலுக்கு முன்னாள் வீட்டு இறவாணத்தில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டும் வழக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்து, “பூளைப்பூ என்றால் என்ன, தாத்தா?” என்று கேட்டாள். “வெள்ளையாக இருக்கும், கதிர் கதிராக இருக்கும், காட்டோரம் தானே முளைக்கும்” என்று அவர் சொன்னார். அவள் விளங்கியது போலத் தலையசைத்தாள். ஆனால் விளங்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. சுற்றியிருந்த நாம் இருபது பேர். காட்டுவதற்கு ஒருவர் கையிலும் ஒரு கதிர் பூளை இல்லை.

ஒரு சொல் எவ்வாறு சாகிறது என்பதை அன்று நான் கண்டேன். அகராதியில் அது இருக்கும். புலவர் நாவிலும் இருக்கும். ஆனால் அதைப் பறித்துக் கட்டிய கை ஓய்ந்துவிட்டால், வீட்டு வழக்கிலிருந்து அது மெல்ல நழுவிப் போகும். இக்கருத்தை ஒரு மெய்யான ஊரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வூர், நம்மில் பலருக்கு உற்றார் உறவினர் வாழும் கொங்கு நாட்டை அடுத்துக் கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடை.

ஊரும் எல்லையும்

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல் நிற்கையில், ஓரிடத்தில் மட்டும் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு வாயில் திறந்தாற்போல் இடைவெளி விடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அவ்வாயிலின் தென்கிழக்கு மூலையில், தென்மலைச் சரிவின் அடியில் முதலமடை அமைந்துள்ளது. மேற்கே கொல்லங்கோடு; கிழக்கே கோவிந்தாபுரம் என்னும் எல்லைச் சாவடி; அதைக் கடந்தால் பொள்ளாச்சிச் சீமை. கணவாய்க் காற்று வீசும் இந்நிலத்தில் நெல்வயலும் உண்டு, மானாவாரிப் புன்செயும் உண்டு. வரப்புதோறும் பனை நின்ற நாடு இது. கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்து வருவோர், ‘இது தமிழ்நாடு போலல்லவா இருக்கிறது!’ என்று வியப்பதில் வியப்பில்லை.

இந்நிலத்தின் அரசியல் வரலாறு விந்தையானது. முதலமடைப் பகுதி பழைய மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபார் 1800-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்துடன் இணைந்திருந்தது. பக்கத்திலிருந்த சிற்றூர்ச் சீமையோ கொச்சி மன்னர்க்கு உரியதாயிருந்து, 1949-இல் திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்துள் அடங்கியது. எனவே முதலமடையில் பிறந்த ஒரு தமிழர்க்குப் பொள்ளாச்சி வேற்று நாடன்று. ஒரே மாகாணத்தின் அடுத்த ஊர். 1932-இல் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டபோது அவ்வுறவு இன்னும் நெருங்கிற்று. ஆலமரங்கள் நிழல் செய்யும் முதலமடை நிலையத்தில் வண்டியேறினால் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்ப முடிந்தது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மலபார் மாவட்டம் கேரளத்துடன் சேர்ந்தது. 1957 சனவரி முதல் நாள் பாலக்காடு தனி மாவட்டம் ஆயிற்று. தெற்கே மலைநாட்டில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டத் தமிழர்க்கும் அதே ஆண்டில் அதே நிலை வந்தது. அவர்கள் திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் முன்னரே இருந்தவர்கள். தமிழகத்துடன் சேர வேண்டுமென்று அங்கே பெருங்கிளர்ச்சியும் நடந்தது. முதலமடையிலோ மக்கள் ஓரடியும் பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. நாம் வண்டியேறி வந்து வெளிநாட்டுத் தமிழர், வெளிமாநிலத் தமிழர் ஆனோம். அவர்கள் தத்தம் திண்ணையில் அமர்ந்திருந்தபடியே வெளிமாநிலத் தமிழர் ஆயினர்!

இவ்வெல்லையின் விந்தைக்கு இன்னும் ஒரு சான்று உண்டு. பரம்பிக்குளம் காட்டுப் பகுதி முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆயினும் அங்கே செல்லும் சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகவே செல்கின்றது. பரம்பிக்குளத்தில் வாழும் ஒருவர் தம் ஊராட்சி அலுவலகத்திற்கு வண்டியில் வர வேண்டுமானால், ஒரு மாநிலத்தை விட்டு வெளியேறி, மீண்டும் அதே மாநிலத்துள் நுழைய வேண்டும். வரைபடத்தில் கோடு கிழிப்பது எளிது. வாழ்க்கை அக்கோட்டின் இருபுறமும் கலந்தே ஓடும்.

இனி நம் வினாவிற்கு வருவோம். பள்ளியிலும் அலுவலகத்திலும் மலையாளம் வழங்க, கடையில் இருமொழியும் கலந்து வழங்க, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் தமிழ் எவ்வாறு நிலைத்தது? திரைப்படமும் நாளிதழும் உறவினர் வரவும் துணை செய்தன. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையையும் காத்தது. இவையெல்லாம் உண்மை. எனினும் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். பண்டிகை தோறும் கைவேலை தந்த சிக்கனமே அவ்வாசிரியர் என்பது என் துணிபு.

சிக்கனம் வந்த வழி

நம் முன்னோர் அனைவரும் விரும்பிச் சிக்கனம் மேற்கொண்டனர் என்று சொல்வது பொய்யான புகழ்ச்சியாகும். பெரும்பாலோர்க்கு அது காலம் விதித்த கட்டளை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மார்ச்சுத் திங்களில் இரங்கூன் நகர் சப்பானியர் கைப்பட்டது. பர்மா அரிசி வரவு நின்றது. வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பியிருந்த மலையாளக் கரையில் துன்பம் பெருகிற்று. சோளமும் கேழ்வரகும் மரவள்ளிக் கிழங்கும் வயிறு காத்தன. 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தீபாவளிக்குப் புத்தாடை என்பது அளந்து வாங்கும் பொருளாயிற்று. தந்தையின் வேட்டி மகனுக்குச் சட்டையாகி, பின் தம்பிக்குக் கோவணமாகி, அதன் பின் விளக்குத் திரியாகி முடிந்தது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தைவிரிப்பில் குழந்தைகள் உறங்கின.

அணாவும் பைசாவும் கொண்டு கணக்கிட்ட காலம் அது. ஓர் உரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. 1957 ஏப்பிரல் முதல் நாள் பதின்முறை நாணயம் வந்தது. மாநிலம் மாறிய ஐந்தாம் திங்களிலேயே காசும் மாறியது என்பதை எண்ணிப் பாருங்கள்! ஊரின் முகவரி மாறியது. கையிலிருந்த காசின் கணக்கும் மாறியது. மாறாதிருந்தது வீட்டின் ஆண்டுச் சுழற்சி ஒன்றே: ஆடி, ஆவணி, கார்த்திகை, தை.

இக்கைத்தொழில் வாழ்வின் பொருளாதாரத்தை அறிவுடன் ஆராய்ந்தவர் தஞ்சையில் 1892-இல் பிறந்த தமிழர், ஜே. சி. குமரப்பா. 1934-இல் காந்தியடிகள் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர் அவர். இயற்கை ஆண்டுதோறும் மீண்டும் தரும் பொருளைக் கொண்டு வாழ்வது நிலைத்த வாழ்வு. தோண்டி எடுத்துத் தீர்ப்பது நிலையாத வாழ்வு என்பது அவர்தம் நூற்கருத்தின் சுருக்கம். குமரப்பாவின் பெயரையே கேட்டிராத எல்லையோரத்துப் பாட்டியர், அக்கருத்தைப் பண்டிகை தோறும் செய்து காட்டி வந்தனர்.

தைத்திங்களின் கைவேலை

தைப் பொங்கலை அணுகும் ஓர் உழவர் இல்லத்தை மனத்தில் வரைந்து பார்ப்போம். கொங்கு நாட்டு வழக்கமே எல்லைக்கு அப்பாலும் வழங்கி வருவது.

முதலில் சுவருக்கு வெள்ளை. சுண்ணாம்பு நீற்றிப் பானையில் ஊறும். தூரிகை கடையில் வாங்குவதில்லை. மட்டையின் நுனியை நசுக்கி நாராக்கினால் அதுவே தூரிகை. சுவரடியில் செங்காவிப் பட்டை இடுவார்கள். தரையைச் சாணத்தால் மெழுகி அரிசிமாவுக் கோலம் இடுவார்கள். எறும்பும் குருவியும் உண்ணும். போகியன்று காட்டோரம் சென்று பூளையும் ஆவாரையும் பறிப்பது சிறுவர் பணி. எந்தச் செடி எங்கே முளைக்கும், எந்தத் திங்களில் பூக்கும் என்பதைப் பாடநூல் இல்லாமலே அவர்கள் கற்றது அந்நடையில்தான்.

அடுத்து மாட்டுக்குரிய அணிகலன். கற்றாழை நாரையும் தென்னை நாரையும் திரித்து மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தாம்புக்கயிறு என்று வகை வகையாய்க் கயிறு முறுக்குவார்கள். ஒருவர் நார் ஊட்ட, ஒருவர் முறுக்க, ஒருவர் பின்னோக்கி நடக்க வேண்டும். தனி ஒருவர் செய்ய இயலாத வேலை அது. அண்டை வீட்டார் கைகொடுப்பர். நாளை அவர் வீட்டுக் கயிற்றுக்கு இவர் கைகொடுப்பார்.

மாட்டுப் பொங்கலன்று பட்டியில் தெப்பக்குளம் கட்டுவார்கள். சாணத்தால் சிறு கரை எழுப்பி, அதனுள் நீர் நிரப்பிப் பூவிட்டு, பட்டியிற் பொங்கிய பொங்கலைப் படைத்த பின்பு மாட்டை அதில் மிதிக்கச் செய்வார்கள். ஓர் ஏரியே அங்கே விளையாட்டுப் பொருளாகிறது. கரை, மடை, வாய்க்கால் என்னும் சொற்களை அப்பிள்ளை அங்கே கையால் கற்கிறான். அதற்குச் செலவான காசு எவ்வளவு? ஒரு பை கூட இல்லை.

அதன் பின்பு பெண்களின் பூப்பறிக்கும் நோன்பு. கூடையில் தின்பண்டம் எடுத்துக்கொண்டு சிறுமியரும் மகளிரும் கூட்டமாய்ப் பூப்பறிக்கச் சென்று, கும்மி கொட்டித் திரும்புவார்கள். ஆண்டு முழுதும் அடுக்களையில் அடைபட்டிருந்த பெண்ணுக்கு அது ஒரு நாள் உரிமை. கும்மியின் அடியை அவள் தாயிடம் கற்றாள். தாய் தன் தாயிடம் கற்றாள். எழுத்தறியாத ஒருத்தி, எதுகையும் மோனையும் பிழையாமல் பாடிய பள்ளி அதுவே.

பனை கொடுத்த பண்டங்கள்

பனையைக் குறிப்பிடாமல் இந்நிலத்துச் சிக்கனத்தைப் பேச இயலாது. கோடை விடுமுறையில் நுங்கு தின்றபின் எஞ்சிய வெறுங்கூடு இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளினால் அது வண்டி. ஓலைக்கீற்றைக் குறுக்கே மடித்து முள்ளில் குத்தினால் காற்றாடி. கூழாங்கல்லை உள்ளே வைத்துப் பின்னினால் கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை. அதே பின்னலைப் பெரிதாக்கினால் பந்து, விரித்தால் பெட்டி, தட்டையாக்கினால் விசிறி. ஒரே பின்னலின் நான்கு வடிவங்கள் என்றே சொல்லலாம். அதைக் கற்ற விரலுக்குக் கணக்கும் தானே வரும். ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று எண்ணாமல் ஓலை பின்ன இயலாதன்றோ?

கார்த்திகைத் தீபத்திற்குரிய மாவளியைத் தமிழகத்துப் பனைநாட்டுச் சிறுவர் செய்யும் முறை வியப்பானது. ஆண்பனையின் பூங்கதிரை உலர்த்திக் குழியில் இட்டு எரித்து, சாம்பலாகும் முன்பே மண்ணால் மூடிக் கரியாக்குவார்கள். அக்கரியை நுண்ணிய பொடியாக்கிப் பழந்துணியில் இறுகச் சுற்றி, பிளந்த பனைமட்டைகளின் நடுவே வைத்துக் கட்டி, நீண்ட கயிற்றில் பிணைப்பார்கள். நுனியில் கனல் வைத்துத் தலைக்குமேல் சுழற்றினால், பொன்மலர் சிதறியது போலத் தீப்பொறி வட்டமிடும். காற்று மிகுந்தால் கனல் மிகும். கனல் மிகுந்தால் பொறி பறக்கும். அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் பாடத்தை, வானத்தையே பலகையாக்கி எழுதும் விளையாட்டு இது.

இதனுடன் மற்றொரு வரலாற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1923-ஆம் ஆண்டளவில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வறண்ட சிவகாசியில் புதுத்தொழிலுக்கு வித்திட்டனர். அடுத்த தலைமுறையில் சிவகாசிப் பட்டாசு நாடெங்கும் பரவிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது சோறிட்டது. அதை யாரும் குறை கூற முடியாது. ஆயினும் அத்தொழில் வளர்ந்த பின்பு பண்டிகை ஒளி கடையில் கிடைக்கும் பொருளாயிற்று. மாவளி சுற்றத் தெரிந்த கைகள் குறைந்தன. ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் வேறுபாடு தெரிந்த சிறுவரும் அவற்றுடன் குறைந்தனர்.

மண்ணும் காகிதமும்

எல்லையோரத்தின் சிறப்பு இரு மொழியினரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வது. ஆவணித் திங்களில் மலையாள அன்பர் இல்லத்து முற்றத்தில் பூக்களம் இடுவார்கள். அதன் நடுவே களிமண்ணைப் பிசைந்து, நாற்பக்கக் கூம்பாகச் செய்த ஓணத்தப்பனை வைத்து, அரிசிமாக் கரைசலால் கோலம் இட்டுத் தும்பைப்பூச் சாத்துவார்கள். தமிழர் இல்லத்திலோ சாணத்தையோ மஞ்சளையோ பிடித்து உச்சியில் அறுகம்புல் செருகினால் அதுவே பிள்ளையார். கல்தச்சன் இல்லை, உலோகம் இல்லை, பொற்பூச்சு இல்லை. இரு மொழியினரும் தெய்வத்தைத் தம் கையாலேயே பிடித்து வைத்து, விழா முடிந்ததும் மண்ணுக்கே திருப்பித் தந்தனர். மொழிக்கும் மொழிக்கும் இடையே எல்லைக் கோடு கிழித்த ஆண்டிலும், அரிசிமாவும் அறுகும் தும்பையும் எந்தச் சாவடியிலும் நிறுத்தப்படவில்லை.

நவராத்திரிக் கொலு வைக்கும் வீடுகளில் காகிதத்திற்கும் ஒரு மறுபிறவி உண்டு. பழைய தாள்களை நீரில் ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்துக் கூழாக்கி, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பி உலர்த்தினால் உறுதியான கூடை கிடைக்கும். வெந்தயத்தின் பசை காகிதத்தை ஒட்டவைக்கும். அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது. கூழின் எச்சத்தில் கிளியும் மலையும் கோபுரமும் செய்து கொலுப்படியின் அடியில் வைப்பார்கள். கடையில் வாங்கிய பொம்மையை விருந்தினர் பார்த்துச் செல்வர். வீட்டில் செய்த கிளியின் முன்னோ சற்று நின்று, “இது யார் செய்தது?” என்று கேட்பர். அக்கேள்விக்கு ஒரு குழந்தை நிமிர்ந்து நின்று விடை சொல்லும். அந்நிமிர்வை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

மறைக்கக் கூடாதவை

பழமையைப் பேசுவோர் அதன் நிழலையும் பேசவேண்டும். இல்லையேல் வரலாறு வெறும் வாழ்த்துப்பா ஆகிவிடும்.

மேலே கண்ட சிக்கனத்தின் பெரும்பாரம் பெண்ணின் தோளில் இருந்தது. மெழுகியதும் அரைத்ததும் தைத்ததும் அவளே. விழா நாளில் எல்லாரும் உண்ட பின்பு உண்டவளும் அவளே. காசு செலவாகவில்லை என்று கணக்கு எழுதிய ஆண்மகன், அவள் உழைப்பைச் செலவுக் கணக்கில் எழுதவில்லை. ஆயத்த மாவும் ஆயத்த ஆடையும் வந்தபோது அவள் மகிழ்ந்தாள் என்றால், அம்மகிழ்ச்சி நியாயமானது.

இன்னொரு நிழலும் உண்டு. கிணற்று நீர் இறைத்த தோற்பறையையும் காலுக்குச் செருப்பையும் விழாவுக்குப் பறையையும் செய்து தந்த கைகள், விழாவின் நடுவே இடம்பெறாமல் ஊரின் ஓரத்தே நிறுத்தப்பட்டன. இது முடிந்துபோன கதையென்று சொல்ல இயலவில்லை. 2017-ஆம் ஆண்டில் முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரத்தில், அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் குடும்பங்கள், தேநீர்க்கடையிலும் குடிநீர்க் குழாயிலும் தம்மை வேற்றுமைப்படுத்துவதாக எழுப்பிய முறையீடு கேரளம் முழுதும் பேசப்பட்டது. ஒரே மொழி பேசுவோர் ஒரே குவளையில் பருக மறுத்தால் அம்மொழிக்குப் பெருமை ஏது? அண்டை வீட்டார் கைகொடுத்துக் கயிறு முறுக்கினர் என்று மேலே பெருமிதத்துடன் எழுதினேன். எந்த வீடு அண்டை வீடு எனக் கருதப்பட்டது, எது கருதப்படவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

மாறிய நிலம்

கடந்த சில பத்தாண்டுகளில் முதலமடையின் தோற்றமே மாறிவிட்டது. இன்று அவ்வூர் மாம்பழத்தால் பெயர்பெற்றது. பிற பகுதிகளில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே கனி முதிர்ந்து, ஆண்டின் முதல் மாம்பழமாக வடநாட்டுச் சந்தைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றது. சோளமும் கடலையும் விளைந்த புன்செயில் மாந்தோப்பு எழுந்தது. வருவாய் வந்தது, வேலையும் வந்தது. ஆயினும் சோளத்தட்டை இல்லையேல் மாட்டுக்குத் தீவனம் இல்லை. மாடு இல்லையேல் பட்டி இல்லை. பட்டி இல்லையேல் தெப்பக்குளம் இல்லை. வயலோரம் இல்லையேல் பூளை ஏது? இவ்வாறு ஒரு கண்ணி அறுந்தால் மறு கண்ணியும் அறுகின்றது. கைவினை மறைந்ததற்கு இளைஞரின் சோம்பலே காரணம் என்று சினந்து கொள்வோர் இச்சங்கிலியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இழப்பு மட்டுமே உண்டு என்பதும் இல்லை. பொங்கலை முன்னிட்டுக் கேரள அரசு திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை அளித்து வருகின்றது. 2022-ஆம் ஆண்டில் அவ்விடுமுறை சனவரி 15-ஆம் நாளுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. பொங்கலோ 14-ஆம் நாள். தமிழ்நாட்டு முதலமைச்சர் கேரள முதலமைச்சர்க்கு மடல் எழுத, விடுமுறை 14-ஆம் நாளுக்கே மாற்றப்பட்டது. அண்டை அரசுகள் இரண்டும் இவ்வாறு ஒத்துழைப்பது பாராட்டத்தக்கது. மீட்டர் பாதையாய் இருந்த பழைய இருப்புப் பாதையும் 2015-இல் அகலப் பாதையாய்த் திறக்கப்பட்டு, பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் மீண்டும் இணைத்தது.

ஆக, விடுமுறை கிடைத்துவிட்டது, வண்டியும் கிடைத்துவிட்டது. அவ்விடுமுறை நாளில் நம் கைகள் என்ன செய்கின்றன என்பதே இனி எஞ்சிய வினா. அதற்கு எந்த அரசும் ஆணை பிறப்பிக்க இயலாது.

நம் குடியிருப்புக்கு ஒரு சொல்

மேலே கூறியவற்றுள் வந்த சொற்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: இறவாணம், காப்பு, பூளை, ஆவாரை, மூக்கணாங்கயிறு, தாம்பு, பட்டி, தெப்பக்குளம், கவைக்கோல், கிலுகிலுப்பை, மாவளி, மட்டை, கும்மி. இவற்றுள் எத்தனை சொற்களை நம் பிள்ளைகள் அறிவார்கள்? முதலமடைப் பாட்டி இவற்றைப் பாடமாக நடத்தவில்லை. “அந்தத் தாம்பை எடுத்து வா” என்றாள். பிள்ளை எடுத்து வந்தான். சொல்லும் அவனோடு வந்தது. எல்லை மாறியபோதும் காசு மாறியபோதும் அச்சொற்கள் மாறாமல் நின்றதற்குக் காரணம், அவை நாவில் மட்டும் வாழாமல் கையிலும் வாழ்ந்தமையே.

நம் காலனியில் பட்டி கட்ட இடமில்லை. பனை ஏற மரமில்லை. பாட்டியின் உழைப்புச் சுமையைப் பேத்தியின் தலையில் மீண்டும் ஏற்றவும் நாம் விரும்பவில்லை. ஆனால் நம்மால் இயல்வன சில உண்டு. பழைய செய்தித்தாளும் வெந்தயமும் எல்லார் வீட்டிலும் உள்ளன. வரும் நவராத்திரிக்குச் சங்கக் கூடத்தில் வைக்கும் கொலுவில், அடிப்படி ஒன்றைப் பிள்ளைகள் செய்த பொருள்களுக்கென்றே ஒதுக்கலாம். ஊர் சென்று திரும்புவோர், பரிசுப் பொருளுக்குப் பதில் ஒரு கட்டுப் பனையோலை கொண்டு வரலாம். பின்னத் தெரிந்த முதியவர் நம்மிடையே இருவரேனும் இருப்பர். அவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், பாய் விரித்து அமரவைத்துப் பிள்ளைகளை எதிரில் உட்கார வைப்போம். ஆண் பிள்ளைகள் அரைக்கட்டும். பெண் பிள்ளைகள் கயிறு முறுக்கட்டும். அருகிலுள்ள மலையாள, கன்னட, தெலுங்கு அன்பர்களின் பிள்ளைகளையும் அழைப்போம். எந்த வீட்டையும் ‘அண்டை வீடு அன்று’ என்று விலக்காமல் இருப்போம். பழைய விழாவில் இருந்த அக்குறையைப் புதிய விழாவிலாவது நீக்குவோம்.

அன்று வினவிய சிறுமிக்கு நான் ஒரு கடன்பட்டிருக்கிறேன். எல்லையோரத்து உறவினர் ஒருவர்க்கு எழுதி, தை பிறக்குமுன் ஒரு கட்டுப் பூளை அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். மாந்தோப்பு வேலியோரம் இன்னும் சிறிது முளைப்பதாக அவர் மறுமொழி எழுதியுள்ளார். வரும் போகியன்று அச்சிறுமியின் கையாலேயே அதை நம் சங்கத்து வாயிலில் கட்டச் செய்வோம். கட்டி முடித்தபின் அவளை யாரும் அச்சொல்லுக்குப் பொருள் கேட்க வேண்டியிராது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!